யாருக்குச் சொன்ன ஒழுக்கம்?

சரக சம்ஹிதையில் ஒரு போலி வைத்தியர் வருகிறார். பெயர் கிடையாது; ஆனாலும் ஆளை நமக்குத் தெரியும். வைத்தியர் வேடம் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவார். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று காதில் விழுந்தாலும் உடனே அங்கே போய் நிற்பார். நோயாளியின் காதுக்கு எட்டுகிற மாதிரி தன் பெருமையைத் தானே பேசுவார். ஏற்கெனவே வேறொரு வைத்தியர் பார்த்துக்கொண்டிருந்தால், அவருடைய குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடுவார். நோயாளியின் நண்பர்களை இனிக்க இனிக்கப் பேசி, சின்னச் சின்ன உபகாரம் செய்து வளைத்துப் போடுவார். எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம் என்பார். சிகிச்சை கைக்கு வந்துவிட்டால், தெரியாததை மறைக்க இங்கும் அங்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். நோய் இறங்கவில்லையா? நோயாளிக்கு வசதி போதாது, கூட இருந்து கவனிக்கச் சரியான ஆள் இல்லை, அவருக்கே மனக்கட்டுப்பாடு இல்லை என்று பழியை அந்தப் பக்கம் தள்ளுவார். இனி தேறாது என்று தெரிந்ததும் ஏதோ சாக்குச் சொல்லி ஊரை விட்டே நழுவிவிடுவார்.

சூத்திரஸ்தானம் என்ற பிரிவின் 29-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது இந்தச் சித்திரம். உயிருக்குத் துணை நிற்கும் வைத்தியர், நோய்க்குத் துணை போகும் வைத்தியர் என்று அந்த நூல் இரண்டாகப் பிரிக்கிறது. இவர் இரண்டாம் வகை. சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான மருத்துவ நூல் ஒன்று, தன் தொழிலில் நடக்கும் மோசடியை இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்து எழுதியிருப்பது பெரிய விஷயம். தற்பெருமை பேசுகிறவரை நம்பாதே என்று எச்சரித்த அந்த மரபின் பெயரைச் சொல்லித்தான் இன்று சர்க்கரை நோயை வேரோடு ஒழிப்போம் என்ற விளம்பரங்கள் வருகின்றன. இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. 2024-இல் பதஞ்சலி நிறுவனம் உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பிறகு நாளிதழ்களில் பகிரங்க மன்னிப்பு வெளியிட வேண்டி வந்தது. சரகர் பார்த்திருந்தால் அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டார்.

அந்தப் போலி வைத்தியரின் குணங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வோம்: குணமாகாவிட்டால் நோயாளியையே குறை சொல்வது. இனி வரும் பக்கங்கள் முழுக்க அது நம்மோடு வரும்.

சரக சம்ஹிதை ஒருவர் ஒரே மூச்சில் எழுதிய நூல் இல்லை. ஆத்ரேயர் என்ற ஆசிரியர் சொல்ல, அவருடைய மாணவர் அக்னிவேசர் தொகுத்தார். அதைச் சரகர் திருத்தி அமைத்தார். பிறகு திருடபலர் என்பவர் விட்டுப்போன பகுதிகளை எழுதி நிறைவு செய்தார் என்பது நூல் தன்னைப் பற்றிச் சொல்லும் வரலாறு. எட்டுப் பிரிவுகள், 120 அத்தியாயங்கள். பல கைகள் பட்ட நூல் என்பதால் ஒரே குரலில் பேசாது. ஒழுக்கத்தைப் பற்றி அது பேசும் இடங்களைத் தேடிப் படித்தால், மூன்று வெவ்வேறு ஆட்களிடம் பேசுவது தெரியும்: மருத்துவர், சாதாரண மனிதர், நாட்டை ஆள்பவர். இன்று நம்மிடம் வந்து சேர்வதோ பெரும்பாலும் நடுவில் இருப்பவருக்குச் சொன்னது மட்டும்தான். காலையில் எப்போது எழ வேண்டும், எப்படிப் பேச வேண்டும், கோபத்தை எப்படி அடக்க வேண்டும் என்று செல்போன் செயலிகளும் வாட்ஸ்அப் பார்வர்டுகளும் நமக்கு ஓயாமல் பாடம் எடுக்கின்றன.

முதலில் மருத்துவர். விமானஸ்தானம் என்ற பிரிவின் 8-ஆம் அத்தியாயத்தில், புதிதாகச் சேரும் மாணவனைத் தீயின் முன் நிறுத்தி ஆசிரியர் அறிவுரை சொல்கிறார். நோயாளியின் நலத்துக்கு முழு மனத்தோடு உழைக்க வேண்டும். தன் உயிருக்கே ஆபத்து என்றாலும் நோயாளிக்குத் துரோகம் நினைக்கக் கூடாது. அடுத்தவர் மனைவியையும் பொருளையும் மனத்தாலும் தொடக் கூடாது. நோயாளியின் வீட்டுக்குள் போகும்போது, அந்த வீட்டாருக்குத் தெரிந்த, உள்ளே வர அனுமதி உள்ள ஒருவருடன் போக வேண்டும். நல்ல உடை உடுத்தி, தலையைத் தாழ்த்திக்கொண்டு போக வேண்டும். உள்ளே போய்விட்டால் பேச்சும் மனமும் புலன்களும் நோயாளியைத் தவிர வேறெங்கும் அலையக் கூடாது. அந்த வீட்டு விஷயம் வெளியே வரக் கூடாது. எவ்வளவு தெரிந்திருந்தாலும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் உண்மையிலேயே கெட்டிக்காரராக இருப்பவரின் தற்புகழ்ச்சியும் மக்களுக்கு எரிச்சலைத்தான் தரும். மருத்துவ அறிவுக்குக் கரை கிடையாது என்பதால், எதிரியே நல்லது சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது நூல்.

மனித சுபாவம் தெரிந்த ஆசிரியர். அதே மூச்சில் அவர் சொல்லும் வேறு சிலவற்றையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். எல்லா உயிர்களின் நலத்தையும் விரும்பு என்பவர், அதில் பசுவையும் பிராமணரையும் முன்னால் வைக்கிறார். அரசனுக்கு ஆகாதவர்களுக்கும் ஊரார் வெறுப்பவர்களுக்கும் வைத்தியம் பார்க்காதே என்கிறார். கணவனோ காப்பாளரோ உடன் இல்லாத பெண்ணுக்கும் பார்க்கக் கூடாது. நோயாளியின் ஆயுள் முடியப்போவது தெரிந்தாலும், அவருக்கோ மற்றவர்களுக்கோ அதிர்ச்சி தரும் என்றால் சொல்லக் கூடாது.

கடைசியில் சொன்னது இன்னும் நம் ஆஸ்பத்திரிகளில் உயிரோடு இருக்கிறது. புற்றுநோய்ப் பிரிவின் வராந்தாவில் மருத்துவரைத் தனியே கூப்பிட்டு, “அப்பாவுக்குத் தெரியவேண்டாம் டாக்டர்” என்று கெஞ்சும் மகன்கள் இன்றும் உண்டு. சரகர் அந்த மகனின் பக்கம். இன்றைய மருத்துவ அறம் அப்பாவின் பக்கம்: அது அவர் உடம்பு, அவர் வாழ்நாள், முடிவு அவருடையது. உலக மருத்துவச் சங்கம் 1948-இல் கொண்டுவந்த ஜெனீவா பிரகடனத்தை 2017-இல் திருத்தியபோது, நோயாளி தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கும் உரிமையை அதில் சேர்த்தார்கள். அரசனுக்கு ஆகாதவர் விஷயத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. நாஜி மருத்துவர்களின் கொடுமை வெளியே வந்த சூட்டில் எழுதப்பட்ட பிரகடனம் அது. மதம், இனம், அரசியல், சமூக அந்தஸ்து எதுவும் மருத்துவரின் கடமைக்கும் நோயாளிக்கும் நடுவே வரக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. இந்த இடத்தில் பழைய நூல் தோற்கிறது. அதற்குச் சமாதானம் தேட வேண்டியதில்லை.

2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், ஹிப்போகிரேட்டஸ் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகரின் பெயரில் ஓர் உறுதிமொழியைப் பரிந்துரைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில், அமைச்சர்கள் மேடையில் இருக்க, முதலாண்டு மாணவர்கள் அதை ஏற்றார்கள். அதற்காகக் கல்லூரி முதல்வரை மாநில அரசு காத்திருப்போர் பட்டியலுக்கு அனுப்பியது. பிறகு அவர் பதவிக்குத் திரும்ப வந்தார். தொலைக்காட்சி விவாதங்கள் எல்லாம் கிரேக்கரா இந்தியரா, சமஸ்கிருதமா தமிழா என்பதிலேயே சுற்றின. மாணவர்கள் படித்தது மூலத்தை வெட்டிச் செதுக்கிய வடிவம் என்பதும், கிரேக்க உறுதிமொழியின் மூலமே அப்பல்லோ தேவன் மேல் ஆணையிட்டுத்தான் தொடங்குகிறது என்பதும் பேச்சுக்கு வரவில்லை. மூலத்தை யாராவது முழுதாகப் படித்திருந்தால் இரண்டு அணியினருக்கும் தர்மசங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்தவர், சாதாரண மனிதர். சூத்திரஸ்தானத்தின் 8-ஆம் அத்தியாயத்தில் சத்விருத்தம் என்ற பெயரில் நன்னடத்தைகளின் நீண்ட வரிசை ஒன்று உண்டு. வாயை மூடாமல் கொட்டாவி விடாதே, தும்மாதே. கை, கால், முகம் கழுவாமல் சாப்பிட உட்காராதே. அழுக்குப் பாத்திரத்தில் சாப்பிடாதே. பதினைந்து நாளுக்கு மூன்று முறை முடியும் நகமும் வெட்டு. யாரையாவது பார்த்தால் நீயே முதலில் பேசு. எல்லோரையும் நம்பிவிடாதே, எல்லோரையும் சந்தேகிக்கவும் செய்யாதே. வேலையைத் தள்ளிப் போடாதே. சோதித்துப் பார்க்காத ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. இன்னொருவர் வெற்றிக்கு எடுத்த முயற்சியைப் பார்த்துப் பொறாமைப்படு, அவருக்குக் கிடைத்த பலனைப் பார்த்துப் படாதே. இந்தக் கடைசி அறிவுரையை முகநூலைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே காட்டலாம்.

தும்மும்போது வாயை மூடச் சொன்னதைக் காட்டி, அன்றே கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அதே வரிசையில் சூரியனைப் பார்த்துச் சிறுநீர் கழிக்காதே என்பதும் இருக்கிறது. சுத்தம், மரியாதை, சடங்கு, அனுபவம் எல்லாம் கலந்த பட்டியல் அது. சிலவற்றுக்குப் பின்னால் வந்த அறிவியல் கைகொடுத்தது, சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. கோபத்தை எடுத்துக்கொள்வோம். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் விசாரித்து அமெரிக்காவில் 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், கடுங்கோபம் வந்த அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு சுமார் 2.3 மடங்கு கூடியிருந்தது. ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கோபக்காரராக இருந்தால் என்ன ஆகும் என்று அந்த எண் சொல்லவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறது. 2010-இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மனிதர்களோடு நல்ல உறவில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. முதலில் நீயே பேசு என்ற வரிக்கு இதைவிடப் பெரிய ஆதரவு வேண்டியதில்லை.

சத்விருத்தத்துக்கு முந்தைய அத்தியாயம் எனக்கு இன்னும் பிடித்தது. உடம்பின் 13 உந்துதல்களை அடக்கக் கூடாது என்கிறது அது: சிறுநீர், மலம், விந்து, வாயு, வாந்தி, தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தாகம், கண்ணீர், தூக்கம், உழைத்தபின் வரும் மூச்சிரைப்பு. பேராசை, கோபம், பொறாமை, செருக்கு முதலிய மனத்தின் உந்துதல்களை அடக்க வேண்டும். கண்ணீரை அடக்காதே என்று ஒரு மருத்துவ நூல் சொல்வது அழகுதான். ஆனால் அந்தப் பட்டியலின் முதல் இடத்தில் இருப்பது சிறுநீர். அடக்கினால் அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு, தலைவலி வரும் என்று பலன்களையும் வரிசையாகச் சொல்கிறார் ஆத்ரேயர்.

பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் சேலைப் பிரிவை நினைத்துப் பாருங்கள். காலை கடை திறந்ததிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே சேலையை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு இந்த அறிவுரையால் என்ன பயன்? அடக்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும். பாத்ரூம் போய்வந்தால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார் என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார். சிறுநீர்ப் பாதைத் தொற்று வந்து படுக்கிறார். அவருடைய ஒழுக்கத்தில் குறை இல்லை. 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்களுக்கான சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று கட்டாயமாக்கின. ஒரு நாற்காலிக்குச் சட்டசபை வரை போக வேண்டியிருந்தது.

அறிந்தும் தவறு செய்வதை நோய்களின் பெரிய காரணங்களில் ஒன்றாகச் சரக சம்ஹிதை வைக்கிறது. பிரஜ்ஞாபராதம் என்று அதற்குப் பெயர். புத்தியும் மன உறுதியும் நினைவும் தடுமாறும்போது மனிதன் தனக்கே கெடுதல் செய்துகொள்கிறான். சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்தைப் பார்த்துக்கொண்டே பற்றவைப்பவரைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. நோய் உன் தவறால் வந்தது என்று ஒருமுறை சொல்லப் பழகிவிட்டால், பிறகு எல்லா நோய்க்கும் அதையே சொல்லத் தோன்றும். சர்க்கரை குறையாத கட்டடத் தொழிலாளியிடம் “உங்களுக்கு வாய்க்கட்டுப்பாடே இல்லையே” என்று கடிந்துகொள்ளும் மருத்துவர்கள் உண்டு. அவர் வீட்டில் மூன்று வேளையும் அரிசிச் சோறு. ரேஷனில் அரிசி இலவசம். பருப்பும் காய்கறியும் சிறுதானியமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த இலவச அரிசிதான் தமிழ்நாட்டில் பசியை விரட்டியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் தட்டில் இருப்பதை எல்லாம் அவரே தேர்ந்தெடுத்தார் என்று பேசுவது, 29-ஆம் அத்தியாயத்துப் போலி வைத்தியர் பேசிய பேச்சு.

சிகிச்சையின் சுமையை நோயாளி ஒருவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்பது அந்த நூலுக்கே தெரியும். மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர், நோயாளி என்ற நான்கு கால்களில் நிற்கிறது சிகிச்சை என்கிறது அது. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான மருந்து, இதே நால்வரைச் சொல்லித்தான் முடிகிறது. நான்கில் ஒன்றுதான் நோயாளி.

மூன்றாவது ஆளுக்கு வருவோம். விமானஸ்தானத்தின் 3-ஆம் அத்தியாயம் காம்பில்யத்தில் தொடங்குகிறது. பாஞ்சால நாட்டுத் தலைநகர் அது. இன்று உத்தரப் பிரதேசத்தின் பரூக்காபாத் மாவட்டத்தில் கம்பில் என்ற சிற்றூர். கோடையின் கடைசி மாதம். ஆத்ரேயர் மாணவர்களோடு கங்கைக் கரைக் காட்டில் நடந்துகொண்டிருக்கிறார். வானமும் காற்றும் பருவமும் இயல்பாக இல்லை, சீக்கிரமே நிலம் மூலிகைகளுக்கு உரிய சத்தைத் தராமல் போகும், அதற்குள் பறித்துச் சேர்த்து வையுங்கள் என்கிறார். கொள்ளைநோய் வருவதற்கு முன்னாலேயே மருந்து இருப்பு வைக்கச் சொல்லும் ஆசிரியர்.

அப்போது அக்னிவேசர் கேட்கும் கேள்வியை இன்றைய எந்தப் பொதுச் சுகாதார வகுப்பிலும் முதல் நாள் வைக்கலாம். மனிதர்களுக்குள் உடல்வாகு வேறு, உணவு வேறு, வலிமை வேறு, வயது வேறு. அப்படியிருக்க ஒரே நோய் எப்படி ஒரே சமயத்தில் ஓர் ஊரையே அழிக்கிறது? ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப் பார்த்து மருந்து கொடுப்பதுதான் ஆயுர்வேதத்தின் அடிப்படை. மாணவர் அந்த அடிப்படையிலேயே கை வைக்கிறார். ஆத்ரேயர் தடுமாறவில்லை. வேறுபடாத நான்கு உண்டு என்கிறார்: காற்று, நீர், நிலம், காலம். காற்று கெட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? பருவத்துக்குப் பொருந்தாமல் வீசும்; அல்லது அசையவே அசையாது; ஒவ்வாத நாற்றமும் ஆவியும் மணலும் தூசியும் புகையும் கலந்திருக்கும். கெட்ட நீரில் நிறமும் வாடையும் ருசியும் மாறியிருக்கும், வழவழக்கும், நீர்ப்பறவைகள் அதை விட்டுப் போயிருக்கும். கெட்ட நிலத்தில் கொசுவும் ஈயும் எலியும் பெருகியிருக்கும்.

1985-இல் ஜெப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் நோய்ப்பரவலியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். இந்த மனிதருக்கு ஏன் ரத்தக் கொதிப்பு வந்தது என்பது ஒரு கேள்வி. லண்டன் அரசு ஊழியர்கள் அத்தனை பேருக்குமே கென்யாவின் நாடோடி மக்களைவிட ஏன் ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதற்கு உதவாது என்றார் அவர். எல்லோரும் தினம் இருபது சிகரெட் பிடிக்கும் நாட்டில் ஆராய்ச்சி செய்தால், நுரையீரல் புற்றுநோய் பரம்பரை நோய் என்றுதான் முடிவு வரும்; காரணம் எல்லோரிடமும் இருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது. அக்னிவேசரின் கேள்வி இந்த இரண்டாம் வகை. ரோஸ் சம்ஹிதையிலிருந்து எடுத்தார் என்று சொல்ல வரவில்லை. ஒரே சிக்கலில் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

காற்றும் நீரும் ஏன் கெடுகின்றன என்று அக்னிவேசர் மேலும் கேட்கிறார். அதர்மத்தால் என்கிறார் ஆசிரியர். இங்கே ஊராரின் பாவபுண்ணியம் பற்றி ஒரு பிரசங்கம் வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது வேறு. நாடு, நகரம், வணிகக் குழு, கிராமப்புறம் ஆகியவற்றின் தலைவர்கள் அறம் தவறி மக்களை நடத்தும்போது அது தொடங்குகிறது. அவர்களை அண்டிப் பிழைப்பவர்களும், அவர்களுக்குக் கீழே இருப்பவர்களும், வியாபாரம் செய்து வாழ்பவர்களும் அதைப் பெருக்குகிறார்கள். பிறகு மழை பொய்க்கிறது, காற்று மாறுகிறது, நீர் வற்றுகிறது, மூலிகை தன் இயல்பை இழக்கிறது. போர்களும் அதே அதர்மத்தின் விளைவு.

நடுவில் தெய்வங்கள் கோபித்துக்கொண்டு விலகிப் போகிறார்கள் என்பதை நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணியைக் கழற்றிவிட்டு, அனுமதிக் கோப்பில் போடும் கையெழுத்து, ஆற்றில் திறந்துவிடும் சாயக்கழிவு, ஆய்வுக்கு வராத அதிகாரி என்று மாட்டிப் பார்த்தால் சங்கிலி அறுபடாமல் நிற்கிறது. பழி மேலிருந்து தொடங்கிக் கீழே வருகிறது. சத்விருத்தத்தை மேற்கோள் காட்டும் எவரும் இந்தப் பகுதியைக் காட்டுவதில்லை. காரணம் எளிது. பல் விளக்கு, கோபப்படாதே, சீக்கிரம் தூங்கு என்று குடிமக்களுக்குச் சொல்வதில் யாருக்கும் நஷ்டம் கிடையாது.

கொள்ளைநோய்க் காலத்துக்கான பரிகாரங்களையும் ஆத்ரேயர் சொல்கிறார்: உடலைச் சுத்தி செய்யும் சிகிச்சைகள், முன்பே சேர்த்து வைத்த மூலிகைகள், வாய்மை, உயிர்களிடம் இரக்கம், நல்லோர் சேர்க்கை. அவற்றோடு ஒன்று: கெடாத நாட்டுக்குப் போய் வசிப்பது. நவம்பர் மாதம் டெல்லியில் வசதி உள்ளவர்கள் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள்; மலை ஊர்களில் அறை எடுக்கிறார்கள். சிக்னலில் பலூன் விற்பவர் அங்கேயே நிற்கிறார். இந்தப் பரிகாரம் யாருக்கு எட்டும் என்று ஆத்ரேயர் யோசித்ததாகத் தெரியவில்லை. அக்னிவேசர் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்.

காற்றில் கலந்த நுண்துகள்களை, பி.எம். 2.5 என்பதை, அளக்க இன்று கருவி இருக்கிறது. நாற்றத்தையும் புகையையும் நம்பி இருக்க வேண்டியதில்லை. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. இந்தியா 2009-இல் நிர்ணயித்த வரம்பு 40. அந்த எண்ணை எழுதியவர்கள் காம்பில்யத்து உரையாடலின் மூன்றாவது ஆட்கள்.